செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஒரு நாள் வடிவமைப்பு, தொழில்நுட்பக் கருத்தரங்கு பற்றிய விவரங்களுடன்

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வேலையை நிறுத்திவிட்டுப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் டிசைன், அச்சுத் தொழில் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருஷம் என் அறிக்கை நீளம் என்று குறைப்பட்டவர்கள் இந்த வருஷமும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த முறையும் நீளம்தான். பாதிக்கு மேல் ஒரே விஷயம், ஆவணியில் நாம் நடத்திய ஒரு நாள் கருத்தரங்கு.

மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். செயற்குழு 6 முறை கூடியது. ஒரு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை) சேரவில்லை, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். புதிதாக 14 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 5 பேர் பெண்கள் என்பது நம் சங்கத்துக்குப் புதுசு. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிறவர்கள் என்பதால் கூட்டம் வரும் என்று நினைத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் உறுப்பினர்களின் மாமனார், மாமியார். சரி, அவர்களுக்கும் கண் இருக்கிறது.

இனி கருத்தரங்கு. அது எப்படி முளைத்தது என்றால், ஒரு சண்டையில்தான். சித்திரையில் கூடிய செயற்குழுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்து மேசையில் விழுந்தது. பெண் வீட்டார் பெயரெல்லாம் கருப்பு எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் ரோஸ் கலரில் ஒரு நிழல். டிசைன் செய்தவர் அச்சு மிஷின் ஓட்டிய மிஷின்மேனைக் குறை சொன்னார். மிஷின்மேன் ஃபைலைச் சொன்னார். ஒருவர் முகத்தை ஒருவர் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்களாம். ஐந்து வருஷமாக ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் அச்சடித்திருக்கிறார்! நம் சிவகாசியில் டிசைனர் ஏசி ரூமில், மிஷின்மேன் ஷெட்டில். நடுவில் போய் வருவது பென்டிரைவ் மட்டும்தான். இரண்டு தரப்பையும் ஒரு நாள் முழுக்க ஒரே மண்டபத்தில் உட்கார வைப்பது என்று அன்றைக்கே முடிவானது.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடு. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிடுவது ஊர் வழக்கம். அதற்கு முன்னால் யாரையும் கூப்பிட முடியாது. புரட்டாசி பிறந்துவிட்டால் ஆர்டர் நெருக்கும். கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். இடையில் கிடைத்தது ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலண்டர் அடிக்கிற ஊர் அல்லவா, நிகழ்ச்சி நிரலைக்கூட அதைப் பார்த்துத்தான் போட்டோம். எமகண்டம் 12 முதல் 1.30 வரை, அந்த நேரத்தில் சாப்பாடு. ராகு காலம் 4.30க்கு, அதற்குள் நன்றியுரை. நம்பாதவர்களும் சாப்பாட்டு நேரத்தை எதிர்க்கவில்லை. 110 பேர் பதிவு செய்தார்கள். வந்து உட்கார்ந்தவர்கள் 90க்குச் சற்று மேல். மிஷின்மேன்கள் 30 பேராவது இருந்தார்கள், எனக்கு அதுதான் கணக்கு.

முதல் அமர்வைப் பழைய ரீடச்சிங் கலைஞர் (அச்சுக்குப் போகும் நெகட்டிவைக் கையால் திருத்துகிறவர்) ஒருவரிடம் கொடுத்தோம். எழுபதைத் தாண்டியவர், மைக்கைத் தொடவே இல்லை. தூரிகை, லென்ஸ், ஒரு பழைய நெகட்டிவ் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு பேசினார். கோவில்பட்டியில் இருந்துகொண்டு நாடகத் திரைச்சீலை வரைந்து, பிறகு காலண்டர் சாமி படங்களுக்கு வந்த கொண்டையா ராஜுவையும் (1898–1976) அவருடைய சீடர்களையும் பற்றிச் சொன்னார். அந்த ஓவியம் கேமரா முன்னால் வந்ததும் என்ன ஆகும் என்று அவர் விளக்கியதுதான் இளைஞர்களை நிமிர வைத்தது. ஒவ்வொரு மைக்கும் தனி நெகட்டிவ் வேண்டும்: சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தால் சியானுக்கான (பச்சை கலந்த நீலம்) நெகட்டிவ், பச்சை ஃபில்டரில் மெஜந்தா (ரோஸ் கலந்த சிவப்பு), நீல ஃபில்டரில் மஞ்சள். ஃபில்டர் ஒருபோதும் சுத்தமாகப் பிரித்துத் தராது. லட்சுமியின் கன்னத்தில் தேவையில்லாமல் ஏறிய சியானைக் கையாலேயே குறைக்க வேண்டும். "இப்ப நீங்க போட்டோஷாப் கர்வ்ஸ்ல இழுக்கிறீங்களே, அதை நாங்க பிரஷ்ல இழுத்தோம்" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

இரண்டாவது அமர்வு எழுத்துரு. உண்மையைச் சொன்னால் இது தூங்க வைக்கும் என்று பயந்தேன். மதுரையிலிருந்து வந்த எழுத்துரு வடிவமைப்பாளர் ஒரு கேள்வியோடு ஆரம்பித்தார்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்து வைத்திருக்கிறீர்களே, அது கம்ப்யூட்டருக்குத் தமிழா? இல்லை. அதற்குத் தெரிந்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கிற வரை தமிழ், எடுத்துவிட்டால் குப்பை. நம் கடைகளில் இருபது வருஷமாகச் சேர்த்த ஃபைல்கள் எல்லாம் இப்படித்தான் கிடக்கின்றன. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுவதிலும் சிக்கல் இருக்கிறது. பாமினியில் "கொ" என்பதைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் ஒற்றைக் கொம்பு, க, கால் என்று அடிக்கிறோம். யூனிகோடில் க முதலில், அதன் பின்னால்தான் ஒகரக் குறி. மாற்றுகிற கருவி இந்த வரிசையைப் புரட்டிப் போட வேண்டும். எங்காவது சறுக்கினால் கொம்பு பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். "ஸ்ரீ" இன்னொரு தலைவலி. 2005இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு அதை இரண்டு விதமாக எழுதலாம் என்றாகிவிட்டது. பார்த்தால் ஒன்று, தேடினால் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இந்த வம்பு நமக்கு வராமல் இருக்குமா?

இங்கே ஓர் உறுப்பினர் எழுந்து, பழைய வடிவத்தில் காலண்டர் கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன செய்வது என்று கேட்டார். யானைத் தும்பிக்கை போட்ட லை, னை, சுழித்த றா, ணா எல்லாம் 1978 அரசாணையோடு அச்சிலிருந்து போனவை, மொத்தம் 13 எழுத்துகள். அவற்றுக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. எழுத்துருவுக்குள்ளேயே மாற்று வடிவமாக வைத்துக் காட்டலாம் என்று வடிவமைப்பாளர் திரையில் செய்தும் காட்டினார். தேதிக்கான ௳, மாதத்துக்கான ௴, வருஷத்துக்கான ௵ மூன்றையும் பல எழுத்துருக்களில் போட்டுப் பார்த்தோம். சிலவற்றில் வெறும் கட்டம்தான் வந்தது. பஞ்சாங்கம் அடிக்கிற ஊரில் இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி.

நம் புது உறுப்பினர் ஒருவர், டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, தினசரி காலண்டரின் 365 தாளையும் ஒரே அட்டவணையிலிருந்து, இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் டேட்டா மெர்ஜ் வசதி மூலம் கொட்டிக் காட்டினார். திதி, நட்சத்திரம், நல்ல நேரம், சந்திராஷ்டமம் எல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன. இன்னும் ஒவ்வொரு தாளாக மாற்றிக்கொண்டிருக்கும் மூத்தவர்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அட்டவணையில் ஒரு வரி பிசகினால் அதன் பிறகு வருஷம் முழுக்கப் பிசகும். 2024க்கு 2023 ஃபைலை எடுத்து, பிப்ரவரி 29ஐ மறந்து, மார்ச்சிலிருந்து கிழமை மாறிப்போனதை ஒருவர் தாமாகவே ஒப்புக்கொண்டார். அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூஃபில் பிடித்துவிட்டாராம். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதை அட்டவணையின் தலையிலேயே எழுத வேண்டும் என்ற யோசனையும் வந்தது. இரண்டையும் கலந்து போட்டுவிட்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நம்மில் உண்டு.

சாப்பாடு முடிந்து நடந்த அமர்வுதான் என்னைப் பொறுத்தவரை கருத்தரங்கு. மூத்த மிஷின்மேன் ஒருவர் அந்தக் கல்யாணப் பத்திரிகையின் ஃபைலையே திரையில் திறக்கச் சொன்னார் (பெயர்களை மறைத்துத்தான்). எழுத்தைத் தொட்டதும் நான்கு மைக்கும் சதவீதத்தில் நான்கு எண் வந்தன. சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90. போட்டோஷாப்பின் வழக்கமான அமைப்பில் ஆர்ஜிபி (திரையின் சிவப்பு, பச்சை, நீல முறை) கருப்பை அப்படியே சிஎம்ஒய்கேவாக (அச்சின் நான்கு மை முறை) மாற்றினால் வருகிற எண்கள் இவை. திரையில் கருப்புக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாது. மிஷினில் அந்தச் சின்ன எழுத்து, மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டிலும் விழுகிறது. நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். நம் ஊர் காய்ந்த ஊர்தான். ஆனால் காலண்டர் அவசரம் ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் வரும்; காகிதம் ஈரம் குடித்து நீளும், ரிஜிஸ்டர் (நான்கு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துவது) நகரும். அந்த ரோஸ் நிழல் வந்தது இப்படித்தான். எழுத்தைக் கருப்பு மட்டும் 100 என்று வைத்து ஓவர்பிரிண்ட் (அடியில் உள்ள நிறத்தை வெட்டாமல் மேலேயே அச்சடிப்பது) கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. அந்த நான்கு எண்ணைக் கூட்டினால் 300. வழவழப்பான ஆர்ட் பேப்பர் சுமார் அவ்வளவு மையைத்தான் தாங்கும், மேல்பூச்சில்லாத மேப்லித்தோ காகிதம் அதற்கும் குறைவு. மீறினால் காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும்.

டிசைனர்களும் விடவில்லை. ஃபைலைக் குறை சொல்கிறீர்களே, காகிதத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று கன்ட்ரோல் ஸ்டிரிப்பை (மை அளவைச் சரிபார்க்கத் தாளின் ஓரத்தில் போடும் வண்ணப் பட்டை) வெட்டிவிட்டுக் கண்பார்வையில் மை ஏற்றுவது யார் என்று கேட்டார்கள். பதில் சொல்ல யாரும் எழவில்லை. சித்திரையில் சண்டை போட்ட இருவரும் அன்றைக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். பேசிக்கொண்டார்களா என்று நான் பார்க்கவில்லை.

கடைசியாக ஏஐ படங்கள். நேரம் போதவில்லை, என் திட்டமிடல் குறைதான். காட்டிய படங்களில் ஒரு பிள்ளையாருக்கு இரண்டு தந்தமும் முழுசாக இருந்தன. சரஸ்வதியின் வீணையில் 11 தந்தி எண்ணினோம், வீணைக்கு 7தான். சிரித்தோம். ஆனால் இத்தகைய படங்களை வாங்கி ஆல்பத்தில் போட்டவர்களும் சிரித்தவர்களில் இருந்தார்கள் என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன். இதைத் தனி அமர்வாக அடுத்த ஆண்டு வைக்கலாம்.

குறைகள்: காலையில் புரொஜெக்டர் 40 நிமிஷம் வேலை செய்யவில்லை. ரசம் தீர்ந்துபோனது. வருகிறேன் என்ற ஒரு பேச்சாளர் முந்தின இரவு வரவில்லை என்றார். வரவு, கட்டணமும் நன்கொடையும் சேர்த்து 61,500 ரூபாய். செலவு 64,200. பற்றாக்குறை 2,700 ரூபாயைச் சங்க நிதியிலிருந்து எடுத்தோம். செயற்குழு ஒப்புதல் உண்டு.

கருத்தரங்கில் எடுத்த தீர்மானப்படி, ஃபைலோடு போக வேண்டிய ஒரு பக்கத் தாள் தயாராகிவிட்டது. எழுத்தின் கருப்பு என்ன, எந்தக் காகிதம், எத்தனை ஜிஎஸ்எம் (காகிதத்தின் எடை அளவு), எந்த எழுத்துரு, எந்தப் பஞ்சாங்கம், புரூஃப் பார்த்தது யார், மிஷின்மேனின் செல்போன் எண் என்ன. கடைசி வரி மட்டும் விவாதத்துக்கு உள்ளானது. முதலாளிகள் சிலர் அந்த எண்ணைத் தர விரும்பவில்லை. டிசைனர் நேரடியாகக் கூப்பிட்டால் வேலை தடைபடும் என்கிறார்கள். என் அபிப்பிராயம், அந்த ஒரு வரிக்காகத்தான் நாம் அவ்வளவு செலவு செய்தோம். இன்றைய கூட்டம் இதில் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தணிக்கை செய்த கணக்கின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருக்கும் 22 பேரின் பட்டியலும் அங்கேதான் இருக்கிறது, மடித்து வைத்திருக்கிறேன். அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்,
சிவகாசி