பாண் ஓட்டோக்காரருக்கும் மூன்றாம் மாடி அன்ரிக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கும், தூர இருந்து கைகொடுத்தவர்களுக்கும்,

ஓட்டிசம் உள்ள என் மகனுக்கு இந்த மாதம் ஆறு வயது. "அவன் எப்படி?" என்று கேட்பவர்களுக்கு நான்கு வருஷமாகப் பதில் சொல்லி வருகிறேன். நான் எப்படி இருந்தேன் என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்த நன்றி எதற்கென்று விளங்காது.

2022, பொருளாதார நெருக்கடியில் நாடே வரிசையில் நின்ற வருஷம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஃபான் நின்றால் அவன் கத்துவான். வெக்கையை அவன் பொறுப்பான், அந்தச் சுழற்சி நின்றுபோவதைத்தான் பொறுக்கமாட்டான். லிஃப்டும் வேலை செய்யாது. ஐந்து மாடி, திமிறுகிற பிள்ளை, மறு கையில் சாமான் பை. ஒருநாள் குளியலறைக் கதவைப் பூட்டி, பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் இருந்து அழுதேன். வெளியே அவன் கதவில் தலையை இடித்துக்கொண்டிருந்தான். இதை இவரிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

கிளினிக்கில் 20 கேள்விகள் கேட்டார்கள். விரலால் சுட்டிக் காட்டுவானா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவானா என்று எல்லாம் அவனைப் பற்றித்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு டொக்டர் கேட்ட ஒரு கேள்வி மட்டும் என்னைப் பற்றியது: "நீங்க எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்றீங்க?"

"மூண்டு" என்றேன். அதற்குமேல் குரல் வரவில்லை.

"போனைக் கையில குடுத்தாய், பிள்ளையோட கதைச்சியா?" என்று சொந்தக்காரர் கேட்டது நெஞ்சில் முள்ளாக நின்றது. அதையும் சொன்னேன். 1943இல் லியோ கானர் என்ற மனநல வைத்தியர் 11 பிள்ளைகளை வைத்து ஓட்டிசத்தைப் பற்றி எழுதினார் என்றும், பிறகு கனகாலம் தாயின் பாசக்குறைவுதான் காரணமென்று படித்த வைத்தியர்களே பழி போட்டார்கள் என்றும், 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு பரம்பரையின் பங்கைக் காட்டியது என்றும் டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "பிழை உங்களில இல்லை. ஆனா இப்படி முழிச்சிருந்தா நீங்க விழுந்துடுவீங்க." ஓட்டிசப் பிள்ளைகளின் பெற்றாருக்கு மற்றப் பெற்றாரைவிட மன அழுத்தம் கூட என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்வதாகச் சொல்லிவிட்டு, துண்டில் எழுதித் தந்தார்: அம்மாவுக்கு, கிழமைக்கு இரண்டு தரம், இரண்டு மணித்தியாலம் நித்திரை. டொக்டர், அந்தத் துண்டு இன்னும் எங்கள் அலுமாரிக் கதவில் இருக்கிறது.

அதை வாசித்தவர் மூன்றாம் மாடி அன்ரி. செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்கு அரிசி கழுவுகிற பாத்திரத்தோடு ஏறி வருவார். "நீ போய்ப் படு." முதல் நாலைந்து தரம் நான் படுக்கவில்லை, கதவுக்குப் பின்னால் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவன் மைசூர்ப் பருப்பை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்குக் கொட்டுகிற சத்தம், திரும்பவும் அதே சத்தம். "ஏன் அப்படிச் செய்றாய்?" என்று அன்ரி ஒருக்காலும் கேட்டதில்லை. ஒருநாள் கண் முழித்தபோது இருட்டிவிட்டது.

பேச்சுச் சிகிச்சை தந்த மிஸ் சிங்களம் பேசுபவர். தமிழில் செய்ய ஆள் கிடைக்கவில்லை என்று நான் திகைத்து நிற்க, "தா", "வேண்டாம்", "காணும்" எல்லாவற்றையும் என்னிடம் கேட்டுச் சிங்கள எழுத்தில் கொப்பியில் எழுதிக்கொண்டார். அவனுடைய முதல் சொல் "காணும்", போதும் என்று அர்த்தம். தலை இழுக்கும்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னான். சீப்பைக் கீழே போட்டுவிட்டு மிஸ்ஸுக்குக் கோல் எடுத்தேன்.

இடம் தர மறுத்த மூன்று முன்பள்ளிகள் உண்டு. நன்றி மடலில் அவர்களுக்கு என்ன வேலை?

கடைசியாக, ஓட்டோவில் பாண் கொண்டுவந்து விற்கும் பாண் ஓட்டோ ஐயா. உங்கள் ஸ்பீக்கரில் வரும் மெட்டைப் பாதியில் நிறுத்தினால் மகன் ரோட்டில் விழுந்து கத்துவான். நாங்கள் வாய் திறந்து கேட்கவில்லை, நீங்களாகவே கவனித்தீர்கள். இப்போது மெட்டு முழுதாக முடிந்தபிறகுதான் ஸ்பீக்கரை நிறுத்துகிறீர்கள், கண்ணாடிக் கதவைத் திறக்கிறீர்கள். அதுவரை சனம் காசை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அவன் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு கடைசிச் சுரத்துக்குக் காத்து நிற்கிறான்.

போன சனிக்கிழமை மீன் வைத்த மாலு பாணுக்கு 20 ரூபாய் குறையத் தந்துவிட்டேன். நாளைக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் மாடி அம்மா