உன் வயலட்டோட சொந்த ஊர்

மீனா,

அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும் தான் நிம்மதி. இங்க தான்சானியால, தார் எஸ் சலாம்ல புழுக்கம் தாங்கல, இவருக்கு கான்ட்ராக்ட் நீட்டிட்டாங்க, அதனால நானும் இங்கயே தான்.

ஆப்பிரிக்கன் வயலட் அழுகுதுன்னு போட்டோ அனுப்பியிருந்தியே, அது காட்டுல வளர்ற இடத்தையே பாத்துட்டேன்டி! தாங்கா பக்கம் முஹேசாலேந்து மலையேறினா அமானி, கிழக்கு உசாம்பரா மலை. வழியெல்லாம் தேயிலை, அப்புறம் காடு. ஓடை ஓரமா பாசி பிடிச்ச பாறை, மேல மரமெல்லாம் மூடி அரை இருட்டு, அந்தப் பாறை இடுக்குல ஒட்டிட்டு இருக்கு, மண்ணுன்னு பாத்தா ஒரு சிட்டிகை தேறாது. தண்ணி விழுந்தா வழிஞ்சு போயிடும், காத்துல தான் எப்பவும் ஈரம், கடல்லேந்து வர்ற காத்து மலையில மோதி மூடுபனியும் மழையுமா இறங்குது. நீ தட்டுல தண்ணி தேக்கி வச்சா அழுகாம என்ன பண்ணும்?

பூ நர்சரில வர்றாப்பல அடுக்கா இல்ல, வெளிர் ஊதால அஞ்சே இதழ், நடுவுல மஞ்சள் மகரந்தப்பை ரெண்டு. தேன் கிடையாது, தேனீ உக்காந்து ர்ர்ருனு அதிர வச்சா தான் மகரந்தம் கொட்டும். எனக்கு இந்த எளிமையான பூ தான் அழகா தெரியுது, நீ ஒத்துக்க மாட்ட.

1892ல செயின்ட் பால்னு ஒரு ஜெர்மன் அதிகாரி இதப் பாத்து ஊர்ல இருக்கற அப்பாவுக்கு அனுப்பினாராம், அடுத்த வருஷமே செயின்ட்பாலியான்னு பேர் வச்சாச்சு. தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்கற ஷம்பா ஜனங்க கண்ணுல படாமலா இருந்திருக்கும், பேரு மட்டும் அவருக்கு!

வயித்தெரிச்சல் என்னன்னா ஏலக்காய். காட்டுக்குள்ளயே பெரிய மரத்துக்குக் கீழ இருக்கற செடிகொடிய வெட்டிட்டு ஏலக்காய் நடறாங்க, சில வருஷத்துல மண்ணு சத்து போனதும் வேற பயிருக்கு மாறி பெரிய மரமும் போயிடுது. நிழல் போனா பாறை காஞ்சிடும், செடிய யாரும் தொடவே வேணாம், தானா கருகிடும். அவங்களையும் குத்தம் சொல்ல முடியல, பொழைக்கணுமே. கென்யால டைட்டா மலையில இன்னொரு வகை இருக்கு, அது ம்போலோலோங்கற ஒரே குன்றுக் காட்டுல மட்டும் தான்.

ஒரு இலை கிள்ளிட்டு வரலியான்னு கேப்ப, தெரியும். காப்புக்காடுடி, தொடக்கூடாது. உன் செடியிலயே நல்ல இலையா காம்போட நட்டு வை, குட்டி வரும். தட்டுத் தண்ணிய இன்னிக்கே கொட்டிடு. ரம்யா கல்யாணத் தேதி முடிவாச்சுன்னா உடனே சொல்லு, டிக்கெட் பாக்கணும்.

உன்,
வசந்தி