பரண்மேல் கிடந்த கடிதம்

சேன் தெனி, ரீயூனியன்
ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமா? அப்பாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று போன முறையே கேட்டேன், நீ சொல்லவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு படி.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிற இந்தப் பிரெஞ்சுத் தீவில் இப்போது குளிர்காலம். கடலோரத்தில் நம்மூர் மார்கழி மாதிரிதான். மலைமேல் இருப்பவர்களுக்குத்தான் கம்பளி வேண்டும். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. சேந்த் ஆந்த்ரே கோயிலுக்குப் போனால் பாதி வழி கரும்பு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துதான் போகவேண்டும். 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதாமல் நம் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாகக் கூட்டிவந்தார்களே, அவர்களுடைய வம்சம்தான் அங்கே நிறைய. காரைக்காலிலிருந்தும் ஏற்றினார்கள். தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள், பேச்சு மட்டும் கிரியோல் என்ற கலப்புப் பிரெஞ்சு. சந்தையில் முருங்கைக் கீரை வேண்டுமென்றால் ‘ப்ரெத் முரும்’ என்று கேட்கவேண்டும். கட்டு நன்றாகவே இருக்கிறது, விலையைச் சொன்னால் நீ மயங்கி விழுவாய்.

பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். நூலகத்தில் போகிறது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு படித்த பிரெஞ்சு இப்போது சோறு போடுகிறது. வகுப்பு எடுக்கும் அம்மாள் ‘மதாம் பொவாரி’யைக் கையில் கொடுத்து, அகராதியோடு உட்கார் என்றார். ஃப்ளோபேர் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய நாவல். 1856இல் பத்திரிகையில் தொடராக வந்தபோது ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். 1857இல் விடுதலையாகி அதே வருஷம் புத்தகமாகவும் வந்தது. கதை பெரிய கதையில்லை. எம்மா என்று ஒரு விவசாயி மகள், கன்னிமாடத்தில் படித்தவள், நாவல் பைத்தியம். ஷார்ல் என்ற கிராமத்து வைத்தியனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அவன் நல்லவன், சப்பென்று இருப்பவன். இவளுக்கு மூச்சு முட்டுகிறது. ஒருவன் போனால் இன்னொருவன் என்று இரண்டு தொடர்பு, ஜவுளிக்காரனிடம் தலைக்குமேல் கடன், கடைசியில் பாஷாணம்.

அவள் சின்ன வயதில் படித்தது என்ன தெரியுமா? 1788இல் வந்த ‘போல், விர்ஜினி’ என்ற நாவல். அந்தக் கதை நடப்பது மொரீஷியஸில். இங்கிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். பிரான்சில் நார்மண்டியில் உட்கார்ந்துகொண்டு அந்த மூங்கில் குடிசையைக் கனவு கண்டாளாம். அந்தக் கடலைப் பார்த்த பால்கனியில்தான் நான் தினமும் துணி காயப்போடுகிறேன். கல்யாணமான பிறகு பாரிஸ் வரைபடம் ஒன்று வாங்கி, விரல் நுனியால் தெருத்தெருவாக நடப்பாள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பகீரென்றும் இருந்தது. நிச்சயமானதும் நான் கூகுள் மேப்பில் சேன் தெனி கடற்கரைச் சாலையில் இப்படித்தானே ராவெல்லாம் உலாத்தினேன்? நீகூட போனைப் பிடுங்கி வைத்தாய்.

சரி, நாமும் எம்மா ஜாதிதான், கனவு கண்டு வந்தோம், சப்பென்று போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகமும் இருந்தது. குறை என் கற்பனையில்தான், அவரிடம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறதே!

எம்மா செத்த பிறகும் கதை முடிவதில்லை. ஒருநாள் ஷார்ல் பரணுக்கு ஏறுகிறான். செருப்புக்குக் கீழே கசங்கிய காகிதம் தட்டுப்படுகிறது. அந்த இருவரில் முதல் ஆளான ரொதோல்ஃப் அவளைக் கைவிட்டபோது எழுதிய கடிதம். ‘தைரியம் எம்மா’ என்று ஆரம்பம், அடியில் ஆர் என்ற ஒரே எழுத்து. படிக்கிறான். அந்த ஆள் வந்து வந்து போனது, திடீரென்று காணாமல் போனது எல்லாம் அவனுக்கு ஞாபகம் வருகிறது. பிறகு என்ன நினைக்கிறான்? மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறான், மனசளவில் நேசித்திருப்பார்கள் போல! ஆழம்வரை இறங்கிப் பார்க்கிற சுபாவம் அவனுக்கு இல்லை, சாட்சி எதிரே வந்தால் பின்வாங்கிவிடுவான் என்று ஃப்ளோபேர் எழுதுகிறார். புத்தகத்தை மூடிவிட்டுப் போய் அரிசி களைந்தேன். கை நடுங்கியது.

ஏனென்றால், அக்கா, எனக்கும் ஒரு காகிதம் கிடைத்திருந்தது. சித்திரையில், சட்டையைத் துவைக்கப் போடுமுன் பையைத் துழாவியபோது. சேன் ஜீல் கடற்கரையில் ஒரு ஓட்டல் பில். இரண்டு பேர் சாப்பாடு, ஒரே ஒரு இனிப்பு. தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று டூட்டி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார், நான் தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருந்தேன். பில்லைப் பார்த்ததும் மனசு என்ன வேகத்தில் வேலை செய்தது என்கிறாய்! யாராவது சிநேகிதனுக்குப் பிரிவு உபசாரம்; ஆபீஸ் செலவு; வேறு யாருடைய பில்லோ. மூன்று பதிலும் ஒரு நிமிஷத்தில் தயார். கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அந்தச் சட்டைக்குக் கஞ்சியும் போட்டேன்.

அவர் அதிகம் பேசமாட்டார் என்று போன வருஷம் எழுதினேனே, அதுவும் இந்த ரகம்தான். நீ உடனே அவருக்கு ஏழரை, திருநள்ளாறு வந்து நளதீர்த்தத்தில் முழுக்குப் போடுங்கள் என்று பதில் போட்டாய். கோபித்துக்கொள்ளாதே, சிலப்பதிகாரத்தில் தோழி தேவந்தியும் கண்ணகிக்கு இதைத்தான் சொன்னாள். சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் முழுகிக் காமன் கோயிலில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று. ‘பீடன்று’, அது பெருமையில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் கண்ணகி.

அப்பா நமக்கு வழக்குரை காதையைக் கணீரென்று சொல்லித் தருவார். கொலைக்களக் காதையில் ஓரிடத்தை மட்டும் வேகமாகத் தாண்டுவார், கவனித்திருக்கிறாயா? மதுரையில் இடைக்குலத்து மாதரி வீட்டில் கோவலன் சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகு கண்ணகி வாய் திறக்கிறாள். உங்கள் அப்பாவும் அம்மாவும் வந்து கோபத்தை மறைத்துக்கொண்டு என்னைப் பாராட்டினார்கள், நான் நோயையும் துன்பத்தையும் உள்ளே ஒளித்தேன், என் ‘வாயல் முறுவ’லை, அந்தப் பொய்ச் சிரிப்பைப் பார்த்து அவர்கள் மனம் நொந்தார்கள், நீங்கள் செய்தது பெரியோர் போற்றாத ஒழுக்கம் என்கிறாள். நேருக்கு நேர், மூன்றாம் பேருக்குத் தெரியாமல். சிலம்பை உடைப்பதைவிட இது பெரிய தைரியம் என்று எனக்கு இப்போது படுகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, அது வேறு விஷயம்.

என் மாமியார் பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டே எதற்கோ சிரித்தேன். பார்த்துக்கொண்டே நின்றவர், “சிரிச்சது போதும், போய்ப் படு தாயி” என்றார். அன்றைக்கு அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

முந்தாநாள் கேட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையில், சத்தம் போடாமல். அவர் கரண்டியை வைத்தார். மறுக்கவில்லை. “உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன்” என்றார். அக்கா, அந்த ஒரு வரிக்கு நான் எந்த நாவலிலும் பதில் படிக்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன், சொன்னார். யார் என்று கேட்கவில்லை. அடித்தாரா, திட்டினாரா என்று பயப்படாதே, அதெல்லாம் இல்லை. இப்போது அவர் ஹாலில் படுக்கிறார்.

புறப்பட்டு வந்துவிடு என்று உடனே எழுதாதே. வரலாம், வராமலும் இருக்கலாம். முதியோரைப் பராமரிக்கும் பயிற்சி ஒன்று இங்கே சேர்வதாக இருக்கிறேன். அதற்குப் பிரெஞ்சு போதும் என்று வகுப்பு அம்மாள் சொல்கிறார். என் தங்கும் அட்டை அவரை வைத்து வந்தது, பிரிந்தால் என்ன ஆகும் என்று கேட்க ஒரு வக்கீலிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

நீ செய்யவேண்டியது இதுதான். பீரோவில் மேல் தட்டில் என் பி.காம். சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் பச்சைக் கோப்பில் இருக்கின்றன. பாண்டிச்சேரியில் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துப் பிரெஞ்சில் வாங்கி, அசலை நீயே வைத்துக்கொண்டு, நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பு. செலவை எழுது, அனுப்பிவிடுகிறேன். அம்மாவிடம் இப்போது வேண்டாம். அப்பாவிடம் நானே பேசுகிறேன். ஞாயிறு காலை உங்களுக்குப் பத்தரை, எனக்கு ஒன்பது. அம்மா கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அவர் கையில் போனைக் கொடு.

உன் தங்கை