உயர்தர மாணவர் தம் கையால் ஓர் இன்டர்பிரட்டரை எழுதட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்கான மாதிரி வினாக்களும் விடைகளும் வெளிவருவது மலையகத் தோட்டப் பாடசாலை மாணவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. தனியார் வகுப்புக்காக நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்வர வசதியில்லாத பிள்ளைகள் அவற்றைக் கத்தரித்துக் கொப்பியில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். ஆயினும் செய்நிரலாக்கம் என்ற அலகைப் பொறுத்தவரை வினாவிடை மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். உயர்தரத்தில் இப்பாடத்தைக் கற்கும் ஒவ்வொரு மாணவரும், கட்டளைகளை வரி வரியாக வாங்கி உடனுக்குடன் விடை தரும் சிறியதோர் இன்டர்பிரட்டரைப் பைதன் மொழியில் தாமே எழுதி முடிக்க வேண்டும் என்றும், அதற்காக ஒரு தவணையின் செய்முறைப் பாடவேளைகளை ஒதுக்க வேண்டும் என்றும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பாடத்திட்டத்தில் மொழிமாற்றிகளைப் பற்றிய பகுதி ஏற்கெனவே இருக்கிறது. முழு நிரலையும் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு இயக்குவது கம்பைலர், வரி வரியாக வாசித்து இயக்குவது இன்டர்பிரட்டர் என்று நம் மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் வகுப்பில் பயன்படுத்தும் பைதனே இந்த இரண்டு வரி விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. அது நிரலை முதலில் பைட்கோட் என்ற இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, அதைத் தனக்குள் மென்பொருளாகவே இருக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டுகிறது. மனப்பாடம் செய்த வரைவிலக்கணத்தை வைத்துக்கொண்டு இதை விளங்கிக்கொள்ள முடியாது. தான் எழுதிய ஒன்று வரியை எப்படி வாங்குகிறது, எந்த இடத்தில் அதைப் பிரிக்கிறது, எப்போது பொருள் கொள்கிறது என்று கண்ட மாணவருக்கு அது தானாகவே விளங்கும்.

வேலையின் அடிப்படை எளிமையானது. திரையில் ஒரு குறியைக் காட்டிக் காத்திருக்க வேண்டும். பயனர் தட்டிய வரியை வாசிக்க வேண்டும். அதை மதிப்பிட்டு விடையை அச்சிட வேண்டும். பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரியை வாசிக்கும் பைதனின் ‘இன்புட்’ சார்பும் (சார்பு என்பது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் துண்டு), கட்டளைகளைத் திரும்பத் திரும்ப இயக்கும் ஒரு ‘வைல்’ லூப்பும் தெரிந்த மாணவர் முதல் பாடவேளையிலேயே இதன் கூட்டை எழுதிவிடலாம். வரியில் உள்ள சொற்களை இடைவெளியில் பிரித்து, முதற்சொல்லைக் கட்டளையாகவும் எஞ்சியவற்றை அதற்கான தரவுகளாகவும் எடுத்து, எந்தக் கட்டளைக்கு எந்தச் சார்பு என்பதைப் பைதனில் ‘அகராதி’ எனப்படும் சொல்-பொருள் அட்டவணையில் வைத்துத் தேடினால் சிறிய கட்டளை மொழி ஒன்று உயிர் பெற்றுவிடும்.

கடினமும் சுவையும் அதன் பிறகுதான் வருகின்றன. கணித்தல் கட்டளையில் ‘2 + 3 * 4’ என்று தட்டும்போது, இடமிருந்து வலமாகச் சேர்த்துக்கொண்டே போகும் நிரல் 20 என்று விடை சொல்லும். சரியான விடை 14 என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அந்த அறிவை இயந்திரத்துக்குள் எப்படி வைப்பது? கூட்டலையும் கழித்தலையும் கவனிக்க ஒரு சார்பு, பெருக்கலையும் வகுத்தலையும் கவனிக்க இன்னொன்று, எண்ணையும் அடைப்புக்குறியையும் கவனிக்க மூன்றாவது என்று எழுதி, முதலாவது இரண்டாவதையும் இரண்டாவது மூன்றாவதையும் அழைக்குமாறு அமைத்தால் பெருக்கல் தானாகவே முந்திக்கொள்ளும். மூன்றாவது சார்பு ஓர் அடைப்புக்குறியைச் சந்திக்கும்போது மறுபடியும் முதலாவதையே அழைக்கிறது. தன்னைத்தானே அழைக்கும் சார்பு என்ற தலைப்பில் நாம் கரும்பலகையில் எழுதிக் காட்டும் காரணியம் எத்தனை பிள்ளைகளின் மனதில் நிற்கிறது? அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எத்தனை போட்டாலும் தன் நிரல் தடுமாறாமல் விடை சொல்வதைப் பார்த்த பிள்ளை அதை மறப்பதில்லை.

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. அதை ஆசிரியர்கள் அனுமதிக்கக் கூடாது. பைதனில் உள்ள ‘ஈவல்’ என்ற சார்பிடம் வரியை அப்படியே கொடுத்துவிட்டால் கணக்கு முழுவதையும் அதுவே செய்துவிடும். மாணவர் எதையும் கற்கவில்லை என்பது ஒரு குறை. பயனர் தட்டும் எந்தப் பைதன் கோவையையும் அது மறுபேச்சின்றி இயக்கிவிடும் என்பதும், கோப்புகளை அழிக்கும் கட்டளையும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்பதும் அதைவிடப் பெரிய ஆபத்து.

பரீட்சை வினாத்தாளில் ஒரு நிரலுக்கு எப்போதும் சரியான உள்ளீடே கிடைக்கிறது. வாழ்க்கையில் அப்படிக் கிடைப்பதில்லை. என் வகுப்பு மாணவி ஒருவர் தன் தாயார் நாளாந்தம் பறிக்கும் தேயிலைக் கொழுந்தின் கணக்கை வைத்துக்கொள்ளத் தமிழிலேயே கட்டளைகளை அமைத்து இத்தகைய நிரல் ஒன்றை எழுதினார். ‘நிறை காலை 8’ என்று தட்டினால் காலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்த எட்டுக் கிலோ பதிவாகும். ‘கழிவு 1’ என்றால் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கப்பட்டது பதிவாகும். ‘மொத்தம்’ என்றால் அன்றைய கணக்கு வரும். முழுப்பேருக்கான, அதாவது முழு நாட்சம்பளத்துக்கான, கிலோ எட்டப்பட்டதா, பாதிச் சம்பளத்துக்கான அரைப்பேர்தானா என்பதையும் அது சொல்லும். வகுப்புத் தோழி ஒருவர் அதைப் பரீட்சிப்பதற்காக ‘நிறை பகல் பத்து’ என்று தட்டினார். எண்ணை எதிர்பார்த்த இடத்தில் சொல் வந்ததால் நிரல் பிழைச்செய்தி ஒன்றைக் கொட்டிவிட்டு நின்றது. நினைவகத்தில் மட்டும் இருந்த காலைக் கணக்கும் அதனுடன் போய்விட்டது.

அன்று அந்த வகுப்பு கற்றுக்கொண்டது பாடப்புத்தகத்தின் பல பக்கங்களுக்கு ஈடானது. உரையாடும் ஒரு நிரல் பயனரின் பிழைக்காகச் சாகக் கூடாது; பிழையைப் பைதனின் ‘ட்ரை’, ‘எக்செப்ட்’ என்ற கட்டளைகள் கொண்டு பிடித்து, எந்தச் சொல் புரியவில்லை என்று பணிவாகச் சொல்லிவிட்டு, இருந்த தரவைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டும். பூச்சியத்தால் வகுத்தாலும், இல்லாத மாறியைக் கேட்டாலும், வெறுமனே என்டர் விசையைத் தட்டினாலும் அப்படியே. கன்ட்ரோல் விசையுடன் ‘சி’யை அழுத்தினால் நடந்துகொண்டிருக்கும் வேலை மட்டும் நிற்பதா, நிரல் முழுவதுமே முடிவதா என்பதையும் எழுதுபவரே தீர்மானிக்க வேண்டும். திறந்த அடைப்புக்குறியை மூடாமல் என்டர் தட்டினால் பைதன் ‘>>>’ என்ற தன் வழமையான குறியை விட்டு மூன்று புள்ளிகளைக் காட்டிக் காத்திருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது ஏன் என்று மாணவர்கள் கேட்கத் தொடங்குவது தாமும் அதைச் செய்ய முயலும்போதுதான்.

கட்டளைகளைத் தமிழில் அமைப்பதை நான் வேண்டுமென்றே ஊக்குவிக்கிறேன், ஏனெனில் எழுத்துகள் கணினியில் எப்படி இருக்கின்றன என்ற பாடம் அதில்தான் கைக்கு எட்டுகிறது. ‘கொழுந்து’ நம் கணக்கில் நான்கு எழுத்து; பைதனின் நீளக் கணக்கில் எட்டு. காரணம், கணினி எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுத் தரமான யுனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக உள்ளன. சில விசைப்பலகைகள் ‘கொ’வின் கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் பதிவதால் அதே சொல் சில வேளைகளில் ஒன்பதாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு ‘கொழுந்து’களும் நிரலுக்குச் சமமல்ல, கட்டளை சரியாகத் தட்டப்பட்டிருந்தும் ‘தெரியாத கட்டளை’ என்று விடை வரும். வாசித்த வரியைப் பைதனின் ‘யுனிகோட்டேட்டா’ தொகுதி கொண்டு முதலில் சீராக்கிக்கொள்வதே இதற்கு வழி. நம் ஊர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னமும் புழங்கும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டினாலோ கட்டளை ஆங்கில எழுத்துகளாகவே நிரலைப் போய்ச் சேரும். தமிழ் எண்களிலும் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ‘௧௦’ என்று ஒன்றும் பூச்சியமுமாக எழுதினால் பைதன் அதைப் பத்து என்று ஏற்றுக்கொள்ளும். பத்துக்கான பழைய குறியான ‘௰’ஐ எழுதினால் மறுத்துவிடும். விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரத்தில் தமிழ் உடைந்து தெரியும் என்பதால் பைதனுடன் சேர்ந்தே வரும் ஐடில் போன்ற வேறொரு சாளரத்தில் இயக்கிப் பார்ப்பது நல்லது. பைதனால் எழுதப்பட்ட எழில் என்ற தமிழ் நிரல்மொழி பல காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. ஆர்வமுள்ள மாணவர்கள் அதன் மூலநிரலைத் திறந்து பார்த்தால் தமிழில் எழுதிய கட்டளை எவ்வாறு இயங்குகிறது என்பதை முழு அளவில் காணலாம்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு இது எட்டாத வேலை என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. கணினி விஞ்ஞானி ஜோன் மக்கார்த்தி 1958இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் லிஸ்ப் என்ற நிரல்மொழியைத் தொடங்கியபோது, அதன் மதிப்பிடும் சார்பைக் கணினியில் இயங்க வைத்தவர் அவருடன் பணிபுரிந்த ஸ்டீவ் ரஸல். சில ஆண்டுகளில், பிடிபி-1 என்ற கணினியில் விசைப்பலகையிலிருந்து உரையாடக்கூடிய லிஸ்ப்பை எழுதியவர் எல். பீட்டர் டொயிச். அது பற்றிய அறிக்கை 1964இல் வெளிவந்தபோது, 1946இல் பிறந்த அவருக்கு இன்னும் பதினெட்டு வயது ஆகவில்லை. அந்தக் கணினியின் அடிப்படை நினைவகம் 18 பிட் கொண்ட 4096 சொற்கள், அதாவது ஏறத்தாழ ஒன்பது கிலோபைட் மட்டுமே. அவருடைய தந்தை எம்.ஐ.டி.யில் பௌதிகவியல் பேராசிரியர் என்பதையும், அதனாலேயே அந்த இயந்திரத்தை நெருங்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. அன்று வாய்ப்பு என்பது இயந்திரத்தின் அருகில் அமர முடிவதுதான். அந்த இயந்திரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு நினைவகம் கொண்ட கணினிகள் இன்று நம் பாடசாலைகளிலேயே இருக்கின்றன, ஆனால் பல இடங்களில் அவை பூட்டிய அறைக்குள் தூசி படிந்து கிடக்கின்றன.

மலையகத்தின் நிலைமைக்கு இந்தப் பயிற்சி மிகவும் பொருந்தும் என்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். இணையத்தளம் அமைப்பதற்கோ கைப்பேசிச் செயலி எழுதுவதற்கோ இணைய இணைப்பும் ஓரளவு புதிய கணினியும் தேவைப்படுகின்றன. மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் மாறி மாறிப் போகும் பொகவந்தலாவையிலோ அக்கரப்பத்தனையிலோ அவற்றை நம்பிப் பாடவேளை அமைக்க முடியாது. கட்டளை வரி இன்டர்பிரட்டருக்கு இணையம் வேண்டியதில்லை. பைதன் இலவசமானது, அதன் நிறுவற்கோப்பு ஒரு பென்டிரைவில் எத்தனை பாடசாலைக்கும் போய்வரும். லினக்ஸ் நிறுவிய பழைய கணினிகளில் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற செயலி மூலம் வேலையைத் தொடரலாம். சிறிய திரையில் தட்டுவது சிரமமானது என்றாலும் ஒரு நாளில் பத்து வரிக்கு மேல் அங்கே எழுதத் தேவையில்லை.

பாடத்திட்டத்தை முடிப்பதற்கே நேரம் போதவில்லை என்ற ஆசிரியர்களின் முறைப்பாட்டை நான் நன்கறிவேன். நானும் அதே நெருக்கடியில் இருப்பவன். ஆனால் சரங்கள், பட்டியல்கள், அகராதிகள், சார்புகள், நிபந்தனைகள், லூப்புகள், கோப்பில் சேமித்தல் ஆகிய அனைத்தும் இந்த ஒரே வேலைக்குள் வந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உதாரண நிரல் எழுதிப் போட்டுப் பிள்ளைகள் பார்த்தெழுதும் நேரத்தை மிச்சப்படுத்தினால் இதற்கான நேரம் கிடைத்துவிடும்.

வலயக் கல்விப் பணிமனைகள் செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. கணினிக் கூடத்தைப் பாடசாலை நேரம் முடிந்த பிறகு வாரத்தில் ஒரு மாலையாவது திறந்து வைக்க அதிபர்களுக்கு எழுத்துமூல அனுமதி தேவை. அந்த அனுமதி இல்லாததால் பொறுப்பேற்கத் தயங்கும் அதிபர்களைக் குறைசொல்ல முடியாது. மாலையில் தாமதித்துப் போகும் மாணவிகளுக்குத் தோட்டப் பாதைகளில் பஸ் இல்லை என்பதால், நேரத்தை உள்ளூர்ப் பெற்றோருடன் கலந்தே முடிவு செய்ய வேண்டும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரிய மாணவர்கள் கற்பித்தற் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்கு வரும்போது இத்தகைய செயற்றிட்டம் ஒன்றை வழிநடத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் நம்மவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது, தாம் படித்த பாடசாலையில் ஒரு முற்பகலைச் செலவிட்டு மாணவர்களின் நிரல்களை வாசித்துப் பார்த்தால் அது பரிசளிப்பு விழாவில் கொடுக்கும் கேடயத்தைவிடப் பயன்தரும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கல்விப் பக்கத்தில் மாதிரி வினாத்தாளுக்கு ஒதுக்கும் இடத்தில் கால்பங்கை வாரந்தோறும் தந்தால், இன்டர்பிரட்டர் ஒன்றை முதல் வரியிலிருந்து படிப்படியாக எழுதும் தொடர் ஒன்றை எளிய தமிழில் எழுதித்தர நானும் என் சக ஆசிரியர்கள் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். ஒவ்வொரு வாரமும் மாணவர்கள் எழுதி அனுப்பும் நிரல்களில் ஒன்றைத் தேர்ந்து, அதிலுள்ள பிழையையும் திருத்தத்தையும் விளக்கலாம். முதல் இரண்டு பகுதிகளை எழுதி முடித்துவிட்டோம். தாங்கள் சம்மதம் தெரிவித்தால் உடனே அனுப்பி வைப்போம்.

இங்ஙனம்,
தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாட ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.