மக்கிப் போகும் துணியைக் கட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்து பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த பயணக் கட்டுரையில், புனிதக் கிணறுகளுக்குப் போகிறவர்கள் 'கையில் இருக்கும் எதையாவது' மரத்தில் கட்டி வேண்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.

நான் சென்னிமலையில் 35 வருஷம் கைத்தறியில் போர்வை நெய்தவன். மகள் அயர்லாந்தில் கிளேர் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) நர்ஸ். போன வருஷம் 3 மாதம் அவளோடு இருந்தபோது லிஸ்கேனர் பக்கத்தில் உள்ள புனித பிரிஜித் கிணற்றுக்குக் கூட்டிப்போனாள். கிணறு என்கிறார்களே தவிர, அது ஊற்றுதான். குறுகலான நடைபாதை, இரண்டு சுவரிலும் ஜெபமாலைகள், இறந்தவர்களின் படங்கள். ஈரத்தில் படங்களின் ஓரமெல்லாம் சுருண்டிருந்தன. சோதிக்காத தண்ணீர் என்று மகள் குடிக்க விடவில்லை, கையை நனைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சின்னக் கிணற்றில்தான் துணி கட்டிய முள்மரத்தைப் பார்த்தேன். அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் முறையைச் சொன்னார். துணியை ஊற்றில் நனைத்து, நோவு இருக்கும் இடத்தைத் துடைத்து, மரத்தில் கட்ட வேண்டும். துணி மக்க மக்க நோயும் போகும். அடுத்தவர் கட்டியதை அவிழ்த்தால் அந்த நோய் அவிழ்த்தவருக்கு வந்துவிடுமாம். அதனால் யாரும் தொடுவதில்லை.

அந்த மரத்தில் ஒரு பருத்தித் துண்டு நூல் நூலாகப் பிரிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. பக்கத்திலேயே ஒரு நைலான் ரிப்பன், நேற்று வாங்கியது போலப் பளபளவென்று, கிளையின் பட்டைக்குள் பதிந்து இறுகியிருந்தது. நூலோடு வாழ்ந்தவன் சொல்கிறேன், அது நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மக்காது. மக்காத துணியில் நோய் எப்படிப் போகும்? மரத்துக்குத்தான் நோய்.

அந்த நாட்டில் இப்படி ஏறக்குறைய 3,000 கிணறுகள் உண்டு. 1704-இல் இந்தக் கிணறுகளில் மக்கள் ஒன்றுசேரக் கூடாது என்று சட்டமே இருந்தது. 10 ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் சவுக்கடி. அதையும் தாங்கிக் காப்பாற்றிய வழக்கம் இது. சுற்றிப் பார்க்கப் போகிற நாம் கெடுக்கலாமா?

நான் என் துண்டில் ஓரம் கிழித்துத்தான் கட்டினேன். போகிறவர்கள் பழைய பருத்தி வேட்டியில் ஒரு கீற்று எடுத்துப் போகட்டும். அடுத்த ஞாயிறு மலரில் ஒரு வரியாவது போடுங்கள்.

வாசகர், சென்னிமலை