லைனை நிறுத்தப் பயப்படுவது பண்பாடு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கோளாறு கண்ணில் பட்டாலும் தொழிலாளி ஏன் உற்பத்தி லைனை நிறுத்துவதில்லை என்று கேட்டால், "நம்ம ஆளுங்க மேலதிகாரி முன்னாடி வாயே திறக்க மாட்டாங்க சார், நம்ம கல்ச்சர் அப்படி" என்ற பேச்சு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் சர்வ சாதாரணம். வாகன உதிரிபாகத் தொழிலில் பல வருடமாக இருக்கிற எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் தொழிற்சாலை, ஓயாத சண்டை, வேலைக்கு வராமை, மட்டமான தரம் என்று பெயர் கெட்டு 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டா கூட்டுச் சேர்ந்து அதை நும்மி என்ற பெயரில் திறந்தபோது எடுத்தது பெரும்பாலும் அதே ஆட்களைத்தான், தொழிற்சங்கமும் அதேதான். கோளாறு கண்ணில் பட்டால் யாரும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் ஓடி வருவார், திட்ட அல்ல, கூட நின்று சரிசெய்ய. முடியாவிட்டால் லைன் நிற்கும். சில வருடங்களிலேயே தரம் ஜப்பான் ஆலையோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிட்டது. பண்பாடுதான் காரணம் என்றால் அதே அமெரிக்கர்கள் எப்படி மாறினார்கள்? ஆனால் இந்த முறையை ஜெனரல் மோட்டார்ஸ் தன் வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோனபோது எடுபடவில்லை, 1992-ல் அதுவும் மூடப்பட்டது. ஆக, கயிறு மட்டும் போதாது.

நம் ஊரில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. 1980-களின் கடைசியில் விற்பனை படுத்தபோது நும்மி யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை, வேலை இல்லாத நேரத்தில் பயிற்சி கொடுத்தது. அந்த தைரியத்தில்தான் கை கயிற்றுக்குப் போனது. இங்கே பல லைன்களில் நிற்பது காண்ட்ராக்ட் பையன்கள். பாகத்தில் பிசிறு இருப்பதை விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான், ஆனால் ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது அவன் லைனை நிறுத்தினால் சூப்பர்வைசர் முதலில் கேட்பது "யாருடா நிறுத்தினது?" என்றுதான், அப்புறம் நாளைக்கு வர வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடமிருந்து போன் வருமோ என்ற பயம். சூப்பர்வைசரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, அவரிடம் மேலே இருப்பவர்கள் கேட்பது எண்ணிக்கையைத்தானே.

ஜப்பானிலிருந்து கோளாறைக் காட்டும் போர்டும் லைனை நிறுத்தும் பட்டனும் வாங்கி மாட்டும் நிர்வாகங்கள், தரம் பார்க்கும் இடங்களிலாவது நிரந்தரத் தொழிலாளர்களை வைக்கட்டும். லைனை நிறுத்தியதற்காக யாரையும் அனுப்பக் கூடாது என்று காண்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்.

ஒரு வாசகர்,
ஸ்ரீபெரும்புதூர்