‘விசுவாசிக்கிறவன் எவனோ அவன்’: வேதாகமத் திருத்தக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் வேதாகமத்தைத் திருத்தும் பணியில் இருக்கும் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

எல்லாருக்கும் பொதுவான வேத வசனங்களிலும் ‘அவன்’, ‘ஒருவன்’ என்று ஆண்பால் இருப்பதைப் பற்றி யாராவது வாயெடுத்தாலே, “அது இங்கிலீஷ்காரங்க சண்டை, நமக்கெதுக்கு?” என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். சண்டை நடந்தது உண்மைதான். மனிதரைப் பொதுவாகச் சுட்டும் இடங்களில் ஆண்பாலைத் தவிர்த்த என்ஆர்எஸ்வி என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு 1989இல் வந்தது. 1997இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் கூடியவர்கள் இந்தப் போக்குக்கு எதிராக நெறிமுறைகள் வகுத்தார்கள். அதே போக்கில் 2005இல் முழுமையாக வெளிவந்த டிஎன்ஐவி என்ற இன்னொரு மொழிபெயர்ப்பு சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டது. ஆனால் அவர்களைப் படுத்திய சிக்கலில் பெரும்பகுதி தமிழுக்குக் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஆங்கிலத்தில் ‘ஹீ’ (அவன்) வேண்டாம் என்றால் பெரும்பாலும் ‘தே’க்குத்தான் (அவர்கள்) போக வேண்டும், ஒருமை பன்மையாகிவிடும். சங்கீதம் 34:20இல் நீதிமானின் எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படுவதில்லை என்று வருகிறது. யோவான் 19:36 சிலுவைக் காட்சியில் அதை நினைவுபடுத்துகிறது. என்ஆர்எஸ்வியின் சங்கீதத்தில் அது பலருடைய எலும்புகளாகிவிட்டது. சிலுவையில் தொங்கிய அந்த ஒருவரோடு இருந்த தொடர்பு தளர்ந்துபோனது. எதிர்த்தவர்கள் சொன்ன இந்தக் குறை நியாயமானது. நாமோ ‘அவருடைய எலும்புகள்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஒருவரைப் பற்றித்தான் பேச்சு என்பதும் மாறவில்லை, பெண்ணும் வெளியே நிற்கவில்லை. அவர், எவர், ஒருவர் எல்லாம் நாம் தினமும் பேசுகிற சொற்கள்தானே.

‘மூலத்தை மாற்றக் கூடாது’ என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. மூலத்தைப் பாருங்கள் என்றுதான் நானும் கேட்கிறேன். ஓய்வுநாள் பள்ளியில் பெண் பிள்ளைகளும் மனப்பாடம் சொல்லும் வசனம் 2 கொரிந்தியர் 5:17: “ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்.” மூலமான கிரேக்கத்தில் அங்கே இருப்பது ‘டிஸ்’, அதாவது ‘யாராவது ஒருவர்’. அந்த வடிவம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வெளிப்படுத்தல் 3:20இல் கதவைத் திறக்கிற ‘ஒருவன்’ இருக்கிறானே, அங்கேயும் அதே ‘டிஸ்’தான். அந்த ‘-அன்’ விகுதி மூலத்திலிருந்து வரவில்லை, நம்மிடமிருந்து வந்தது. ‘விசுவாசிக்கிறவன் எவனோ அவன்’ என்று வருகிற யோவான் 3:16இல் மூலத்தின் இலக்கணம் ஆண்பால்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது எல்லாரையும் சுட்டுவது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பல சபையார் சேர்ந்து செய்து 1995இல் வந்த தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பு அங்கே ‘எவரும்’ என்று போட்டது. வசனத்தின் வலிமை ஒரு துளியும் குறையவில்லை.

‘சகோதரரே’ பற்றி ஒன்று. பிலிப்பியர் 4:1இல் பவுல் சகோதரரே என்று அழைக்கிறார். அடுத்த வசனத்திலேயே எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார். அந்த இரண்டு பெண்களும் முந்தின வசனத்தில் எங்கே இருந்தார்களாம்? 2 கொரிந்தியர் 6:18 இன்னும் சுவாரசியம். 2 சாமுவேல் 7:14இல் “அவன் எனக்குக் குமாரனாயிருப்பான்” என்றிருக்கிற வாக்குறுதியைப் பவுல் சபைக்குச் சொல்லும்போது ‘குமாரரும் குமாரத்திகளும்’ ஆகிவிடுகிறது. சபையை நோக்கிப் பேசும்போது மகள்களையும் சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. சேர்த்துவிட்டார், அவ்வளவுதான்.

சரி, எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடலாமா? கூடாது. நீதிமொழிகளில் தகப்பன் “என் மகனே” என்று அழைத்தால் மகனாகவே இருக்கட்டும். 1 தீமோத்தேயு 3:2இல் கண்காணி (சபையை மேற்பார்க்கிறவர்) ஒரே மனைவியையுடைய புருஷனாயிருக்க வேண்டும் என்றிருந்தால் அப்படியே இருக்கட்டும். அதன் பொருளைச் சபை விவாதித்துக்கொள்ளும். பழைய உலகத்தின் ஆணாதிக்கத்துக்கு வெள்ளையடிப்பது உங்கள் வேலையல்ல. பிதா என்ற சொல்லிலும் கைவைக்க வேண்டாம். கலாத்தியர் 4:7இன் ‘புத்திரன்’ எனக்கே குழப்பமான இடம். அங்கே பேச்சு சுதந்தரவாளியை, அதாவது வாரிசைப் பற்றி, அன்றைய சொத்துரிமையோ பெரும்பாலும் மகன்வழி. ‘பிள்ளை’ என்று போட்டால் அந்தச் சாயல் மங்கும். அங்கே ‘புத்திரன்’ என்றே வைத்து ஓர் அடிக்குறிப்பு கொடுப்பதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

உங்களில் பலருக்கு உண்மையில் உறுத்துவது வேறு என்று எனக்குத் தெரியும். நம் சபைகளில் வாசிக்கிற பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) ‘அவர்’ கடவுளுக்கும் இயேசுவுக்கும் ஒதுக்கிய மரியாதை. பேதுருவும் தாவீதும் ‘அவன்’தான். எல்லாரையும் ‘அவர்’ என்றால் ஆண்டவருக்கு என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். பொது மொழிபெயர்ப்பு எத்தனையோ சாதாரண மனிதர்களை ‘அவர்’ என்றுதான் சொல்கிறது. அதை வாசிக்கிறவர்கள் ஆண்டவரைக் குறைவாக மதிப்பதாக நான் கண்டதில்லை. ஆனால் ஒன்று, பேதுருவுக்கு ‘அவர்’ கொடுத்துவிட்டுக் கிணற்றடிச் சமாரியப் பெண்ணை ‘அவள்’ என்றே விட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் இருந்ததைவிட மோசம். முன்பு இருவருக்கும் மரியாதை இல்லை. இப்போது அவளுக்கு மட்டும் இல்லை என்றாகிவிடும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வரைவு தயாரானதும் அச்சுக்குப் போகுமுன் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடறுகிற இடங்களை அவர்களே சொல்லிவிடுவார்கள். எங்கே மாற்றினீர்கள், எங்கே மாற்ற மறுத்தீர்கள், ஏன் என்று முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதுங்கள். உங்கள் முடிவு எனக்கு ஒத்துவராவிட்டாலும் காரணமாவது தெரியுமே.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருத்தி